வேண்டாம் என்பதற்குச் சைகை இல்லை

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்கு எதிர்ச் சுவரில், பெரிய திரை ஒன்று இருந்தது. எதிரே போய் நின்றால் கண்ணாடி மாதிரி நம்மையே காட்டும். தாலாட்டுவதுபோல் கைகளை ஆட்டினால் போதும், திரையில் தெரியும் நம் கைகளில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை வந்து படுத்துக்கொள்ளும். சும்மா வராது. ஒரு கம்பெனியின் சட்டையும் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் வரும்.

அந்தத் திரைக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுத்தவள் அக்காதான். தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் கையால் பேசப் பழகியவள் அக்கா. விளம்பரக் கம்பெனியில் அவளை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். காமெரா முன்னால் நின்று 'குழந்தை', 'பசி', 'அழகு', 'வேணும்' என்று நாள் முழுக்கக் கையை ஆட்டுவாள். தங்கையின் பேச்சு ஊருக்கே புரியப்போகிறது என்று தலைகால் தெரியாத பெருமை வேறு.

'வேண்டாம்' என்று தள்ளும் சைகையை மட்டும் மேலாளர் சேர்க்கவிடவில்லை. எதைப் பார்த்தாலும் ஆஹா என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஆஹா என்றே பெயர். "தள்ளினா அடுத்த டிசைனைக் காட்டணும்மா. கடைக்கு வந்தவங்களைக் கழுத்தைப் பிடிச்சா வெளிய அனுப்புவோம்?" என்றார். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தாள்.

தங்கைக்கு ஐந்தாம் மாதம். ஸ்கேன் எடுக்க வந்த அன்று, திரைக்கு அடியில் போட்டிருந்த நாற்காலியில் அக்கா காத்திருந்தாள். மாப்பிள்ளை மேலே டாக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க, தங்கை மட்டும் லிஃப்ட்டிலிருந்து இறங்கி வந்தாள். அக்காவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் சேர்த்துத் தாலாட்டினாள். பிறகு உள்ளங்கைகளை விரித்துக் கீழே விட்டாள். குழந்தை, போய்விட்டது.

அக்கா எழுந்திருப்பதற்குள் தங்கையின் கண்கள் மேலே போய் நிலைகுத்தின. திரை விழித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் குல்லா போட்ட ஒரு குழந்தை அவள் கைகளில் படுத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைத் தள்ளினாள். நீலக் குல்லாவோடு இன்னொன்று வந்தது. அதையும் தள்ளினாள். பூப்போட்ட சட்டையில் மூன்றாவது வந்தது. 'அக்கா, இதை எடு' என்று கையால் கெஞ்சிவிட்டு அதையும் தள்ளினாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அட, நல்லாயிருக்கே!" என்று ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். தூ, இதுவும் ஒரு பிழைப்பா! அக்கா நாற்காலி மேல் ஏறிக் கைப்பையால் திரையின் காமெராவை மூடினாள். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. திரையின் மேல் மட்டுமல்ல, தன் மேலும்தான்.

வீடு போகும்வரை தங்கை ஒன்றையே கையால் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் பார்க்கக் கூடாது.

மறுநாள் அலுவலகத்தில் ஆஹா, திரையின் காமெரா எடுத்திருந்த அந்தப் பதிவைத்தான் ஓடவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார். "இத்தனை நேரம் யாருமே நம்ம திரையோட விளையாடினதில்ல! மத்தியானம் துணிக் கம்பெனி மேடம் வர்றாங்க, முதல்ல இதைத்தான் காட்டப்போறேன்."

"சார், அது என் தங்கச்சி. கரு கலைஞ்சு வந்து நிக்கிறா. தயவுசெஞ்சு அழிச்சிடுங்க."

"ஆஹா, உன் தங்கச்சியா? அப்ப அனுமதி வாங்குறது சுலபம்!" பிறகுதான் மற்றது காதில் விழுந்ததுபோல் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டார். "அடடா, பாவம். மூஞ்சியை மறைச்சிடலாம்மா. கை மட்டும்தான் தெரியும்."

"கைதான் சார் அவ வாயி."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்ததும் பதிவை ஓடவிட்டார். முகம் இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம். கீழே தங்கையின் கைகள். அக்கா எழுந்தாள். வேலை போனால் போகிறது என்று, அந்தக் கைகள் சொன்னதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"குழந்தை. போயிடுச்சு. வேண்டாம். வேண்டாம். அக்கா, இதை எடு. எடுத்துடு. வேண்டாம்." பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். "இது என் தங்கச்சி மேடம். இது விளையாட்டு இல்ல."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மனசு இளகிவிட்டது என்றுதான் அக்கா நினைத்தாள்.

"இது வேணாம்," என்றாள் அந்த அம்மாள். "துக்க வீடு மாதிரி இருந்தா யாரு சட்டை வாங்குவா? ஆனா அந்தப் 'போயிடுச்சு'ங்கிற சைகை நல்லாயிருக்கே. அதைத் திரை கண்டுபிடிச்சிட்டா, சட்டையைக் காட்ட வேணாம். நம்ம கம்பெனி சத்து மாத்திரையும் விக்குதே, அதைக் காட்டலாம். உடம்பு தேறணும், அடுத்ததுக்குத் தயாராகணும்ல?"

"ஆஹா!" என்றார் ஆஹா.

பதிவை அங்கேயே அழித்தார்கள். தங்கை கேட்டது நடந்துவிட்டது, இப்படி ஒரு காரணத்துக்காக. அக்காவுக்கு வாயெல்லாம் கசந்தது. அதற்குள் ஆஹா காமெராவை இழுத்து அவள் முன்னால் நிறுத்திவிட்டார்.

"எங்க, அந்தப் 'போயிடுச்சு'வை ஒரு தடவை செஞ்சு காட்டும்மா."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வராது சார்."

"இப்பதானே கடகடன்னு சொன்னே?"

"பாத்தா புரியும். செய்ய வராது."

அவர் விடுகிற ஆளா! தானே காமெரா முன்னால் போய் நின்று கைகளைத் தாலாட்டினார், ஒரு கையை மட்டும் தொப்பென்று கீழே விட்டார். "இப்படியா?" அந்த அம்மாள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி தாலாட்டினார். இந்தத் தடவை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மெதுவாகக் கீழே விட்டார். "இப்படியா?"

அது சரியாகவே இருந்தது.

"இல்ல சார்," என்றாள் அவள். "கிட்டக்கூட வரல."