ஒரு கரண்டிப் பொற்பொடி

மழை ஓய்ந்து, கூரை விளிம்புகளில் கடைசித் துளிகள் விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற மாலைப்பொழுது. தாள் வணிகரும் நூல் கட்டுவோரும் முத்திரை வெட்டுவோரும் நெருங்கி வாழும் அந்நீண்ட தெருவில், கடைகள் ஒன்றன்பின் ஒன்றாய் விளக்கேற்ற, நனைந்த கல்தளம் அவ்வொளியை வாங்கிப் பன்மடங்காக்கிப் பரப்பிக் கொண்டிருந்தது. கற்றறிந்த அன்பரே, மினுங்குவதெல்லாம் அழகென்று மயங்குவதற்கு அத்தெருவையும் அப்பொழுதையும் போல் வாய்த்தவை வேறில்லை. தெருவின் வளைவிலிருந்த மைக்கடையில் அக்காளும் தங்கையும் ஒருவரின் வருகைக்காகக் காத்திருந்தனர்.

அக்காள் மை கூட்டுபவள். தங்கை அதை விற்பவள். நகக்கண்களில் நீலமும் மணிக்கட்டில் பச்சையும் எத்துணை தேய்த்துக் குளித்தாலும் நீங்காது நின்றமையால், தெருவோர் அக்காளை மைக்காரி என்றே அழைத்தனர். அது ஏளனமா பாராட்டா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கடைக்குப் பின்னிருந்த சிற்றறையில், வண்ணநீரில் பொற்பொடி தூவி, எழுதிய வரிகள் சாய்ந்த ஒளியில் மின்னும்படியான மையை அவள் ஆக்கி வந்தாள். மின்னும் மையை ஆக்குதல் எளிது. ஊற்றெழுதுகோலை அடைக்காத மின்னும் மையை ஆக்குதலே அரிது. பொடி குறைந்தால் ஒளி இல்லை; மிகுந்தாலோ, முள்ளின் அடியில் மை இறங்கும் மயிரிழைப் பள்ளத்தில் அது படிந்து இறுகி, எழுதுகோலின் தொண்டையையே அடைத்துவிடும். ஆதலின் அவள் ஒவ்வொரு கலவையையும் ஓர் எழுதுகோலில் நிரப்பி, சில நாள் தொடாது கிடத்தி, பின்னர் எடுத்துக் கோடிழுத்துப் பார்ப்பாள். முதற்கோட்டிலேயே மை இறங்கினால்தான் அது குப்பி ஏறும். பிடிவாதத்தில் அவள் உடும்பு.

இத்தனை ஆண்டும் அவள் மை வேறு வணிகரின் பெயர் ஒட்டிய குப்பிகளிலேயே ஊர் சுற்றியது. அன்று வரவிருந்தவரோ பெரிய எழுதுகோல் ஆலையின் தலைவர். மை பிடித்துவிட்டால், தம் ஆலையின் ஒவ்வொரு எழுதுகோலோடும் அதனை அனுப்புவதாகவும், கூட்டியவரின் பெயரையே குப்பியில் பொறிப்பதாகவும் முன்பே சொல்லியிருந்தார். தன் பெயரைத் தாங்கிய குப்பி ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். அக்காளுக்கு உலகில் வேறு ஆசை இல்லை.

தலைவர் வந்தார். குப்பியைக் குலுக்கச் சொன்னார், தங்கை குலுக்கினாள். தம் சட்டைப்பையிலிருந்து பழைய கறுப்பு எழுதுகோல் ஒன்றை எடுத்து, "எங்க ஆலையில முதல்முதலா செஞ்ச பேனாம்மா இது. என் கையால செஞ்சது" என்று பெருமிதம் பொங்கக் கூறி, மையை உறிஞ்சி, தாளில் தம் பெயரை எழுதினார். எழுத்துகள் பொன்னாய்ச் சுடர்ந்தன. தலைவர் குழந்தைபோல் மகிழ்ந்தார். அக்காளோ அந்தத் தாளருகே குனிந்து பார்த்தாள். தன் பிள்ளையின் முகத்தில் பிறர் பூசிய பூச்சைத் தாய் அறியாளோ? அது அவள் வைத்த பொடியளவு அன்று.

"குப்பியில உங்க பேருதாம்மா" என்று அவர் அக்காளை நோக்கிக் கைகூப்பி எழுந்தார். 'இன்னைக்கே பேனாவைக் கழுவிடுங்க ஐயா' என்னும் ஒரு சொல் அவள் நாநுனி வரை வந்தது. தங்கையின் விரல்கள் அவள் முந்தானையைப் பற்றி இழுத்தன, கண்கள் கெஞ்சின. தன் பெயர் என்று கேட்ட இன்பமும் அந்நேரம் அவள் நாவைக் கட்டியது. அவர் படியிறங்கிப் போனார்.

"எவ்வளவு போட்ட?" என்றாள் அக்காள்.

"ஒரே ஒரு கரண்டி, அக்கா. விளக்கு வெளிச்சத்துல மங்கலா தெரிஞ்சுது. பயந்துட்டேன்."

"கழுவலைன்னா ஒரு வாரத்துல அடைச்சுக்கும்டி."

"அவருகிட்ட இல்லாத பேனாவா? கழுவாமலா இருப்பாரு? காரியம் கூடி வர நேரத்துல நீயே கெடுத்துடாத."

நாளைக்கு ஆள் அனுப்பிச் சொல்லலாம் என்று அக்காள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். நாளை என்பது சோம்பலுக்கு மட்டுமன்று, கோழைமைக்கும் நல்ல தலையணை. அந்த நாளை பல நாளாயிற்று.

தலைவர் மீண்டும் வந்தபோது அவர் முகத்தில் சினத்தைவிடத் துயரே மிகுந்திருந்தது. வெளியூர் வணிகர் கூடிய அவையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அந்த எழுதுகோலைத் திறந்தாராம். அது ஒரு சொட்டும் உமிழவில்லையாம். ஆலையில் ஒருவன் அதனைச் சரிசெய்ய முனைந்து திருக, இறுகிய பொடியோடு மை இறங்கும் உள்ளுறுப்பும் இரண்டாய்ப் பிளந்து போயிற்றாம். இரண்டு துண்டுகளையும் அவர் மேசைமேல் வைத்தார்.

"இந்த மையை யாரும்மா கலந்தது?"

அக்காள் வாய் திறக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள். "அக்காதான் சார். எனக்கு என்ன தெரியும்? நான் வெறும் விக்கிறவ."

கொதித்தெழுந்த சொற்கள் அக்காளின் தொண்டை வரை வந்தன. 'இவள்தான் பொடியைக் கூட்டினாள்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார்? 'அன்று நான் இதே வாசலில் நின்றபோது உனக்குத் தெரியாதா?' என்றல்லவா கேட்பார்? தெரியும் என்றால் தெரிந்தே கெடுத்தவள்; தெரியாது என்றால் மையறியாத மைக்காரி. இரண்டில் எதைச் சொல்லவும் அவளுக்கு நா எழவில்லை.

அவர் பெருமூச்செறிந்து தங்கையின் பக்கம் திரும்பினார். "அந்த மினுமினுப்பு எனக்கு வேணும், அதை விட மனசில்ல. அடைக்காம உங்களால கலக்க முடியுமா?"

"முடியும் சார். பொடியைக் கொஞ்சம் குறைச்சா போதும்."

"இந்தச் சின்ன விஷயம்கூட உங்க அக்காவுக்குத் தெரியலையே!" என்றார் அவர். குப்பியில் யார் பெயர் என்பது அவ்விடத்திலேயே முடிவாயிற்று.

அவர் சென்றபின் தங்கை அழுதாள். பொய்யழுகை என்று சொல்வதற்கில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, சிற்றறைக்குள் வந்து, துலாக்கோலின் அருகே நின்று, "அக்கா... சரியான அளவு எவ்வளவு? எனக்குச் சொல்லிக் குடேன்" என்றாள்.

அக்காளின் உள்ளத்தில் அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்னும் வெறி எழுந்தது. பொய்யளவு சொல்லிக் கவிழ்க்கலாம் என்றும் ஒரு நினைவு ஓடிற்று. ஆனால் வேறொருவரின் எழுதுகோல் மீண்டும் பிளப்பதை அவளால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. பொடியை எடுத்துத் தட்டில் இட்டு, துலாமுள் நேரே நிற்கும்வரை தட்டி நிறுத்திக் காட்டினாள்.

"இவ்வளவுதானா? மங்கலா இருக்காதா அக்கா?"

"இருக்காது."

முதற்பிழைக்கு வாய்மூடி நின்றவர், அடுத்த பிழை தம் தலையில் விழும்போது வாய் திறக்கும் உரிமையையும் அன்றே இழந்துவிடுகிறார். அந்த மை இன்றும் அடைக்காமல் எழுதுகிறது, அன்பரே. தங்கையின் பெயர் தாங்கிப் பல ஊர்களுக்குப் போகிறது. அதனைக் கூட்டுகின்ற கைகள் மட்டும் இன்னும் அக்காளுடையவையே.