ஜாடி நகர்த்தப்பட்டதா?

அண்ணியின் மொட்டை மாடியில் நான்கு துருக்கறைகள் உண்டு. பதினோரு வருடங்களாக எங்கள் அலுவலகத்தின் இரும்புத் தாங்கி அங்கே நின்றதால் வந்தவை. தாங்கியின் மேல் அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி, அதில் பாதிக்குத் தண்ணீர். வானத்திலிருந்து விழும் தூசி ஒரு மாதம் அதில் சேரும். மாதக் கடைசியில் நான் போய் எடுத்துவந்து, வடிகட்டி, காயவைத்து, எடை போடுவேன். அனல்மின் நிலையத்தைச் சுற்றி இப்படி ஐந்து வீடுகளில் ஐந்து ஜாடிகள். என் உத்தியோகமே இதுதான்.

அண்ணி என் கணவரின் அக்கா. லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பவர். நிலையத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அவருடைய மாடிதான். காற்றும் அந்தப் பக்கமே அடிக்கும். நிலையம் ஓடிய காலத்தில் வெள்ளை விரிப்பைக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் சாம்பல் படிந்துவிடும். அதனால் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போடுவார். அடுப்படிக்குப் போக நான்கு ஈர விரிப்புகளுக்குக் கீழே குனிந்து போக வேண்டும்.

நான்கு வருடங்களுக்கு முன் நிலையத்தை மூடினார்கள். சுற்றுப்புறத்துக்காக உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் நாடும் கையெழுத்திட்டிருந்தது. இனி மின்சாரத்துக்குக் கரி வேண்டாம், குழாயில் வரும் எரிவாயு போதும் என்றார்கள். செய்தியை நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணி அன்றைக்கே பன்னிரண்டு விரிப்புகளை மாடியில் உலர்த்தினார். "உன் ஜாடிதான்டி அதை இழுத்து மூட வெச்சுது," என்றார். தெருவில் போகிற வருகிறவர்களிடமும் அதையே சொன்னார். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

பிறகு எங்கோ இரண்டு நாடுகள் சண்டை போட்டன. எங்கள் அரசு அடிபட்ட நாட்டின் பக்கம் நின்று அறிக்கை விட்டது. நியாயமான அறிக்கைதான். ஆனால் எரிவாயு வந்துகொண்டிருந்தது அடித்த நாட்டிலிருந்து. ஒரே வாரத்தில் குழாயை மூடிவிட்டார்கள். இங்கே பள்ளிக்கூடங்களை அரை நாளாக்கினார்கள், லிப்டுகளை நிறுத்தினார்கள். கடைசியில், மூடிய நிலையத்தையே திறந்தார்கள். கரி கப்பலில் வந்தது. அனுப்பியது, கரியைக் கைவிடுங்கள் என்று மாநாட்டில் எங்களுக்குப் பாடம் நடத்திய அதே நாடு.

திறப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஏதாவது ஒரு மாடியில் தொடர்ந்து இரண்டு மாதம் தூசி வரம்பைத் தாண்டினால் நிலையத்தை உடனே நிறுத்த வேண்டும். முதல் மாதம் அண்ணியின் மாடியில் தாண்டியது.

அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி என் அறிக்கையை ஒரு விரலால் தள்ளினார்.

"ஒரு மொட்டை மாடித் தூசிக்காக ஒரு நாடே போய் அந்த கேஸ் குடுக்குறவன் கால்ல விழணுமா மேடம்? நீங்களே சொல்லுங்க."

மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

"இந்த மாசம் நல்லபடியா வரும்னு நம்புவோம்," என்றார் அவர்.

"ஆகட்டும் சார்," என்றார் ஆகட்டும்.

எதையும் மாற்று என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. இதை நான் பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் புது ஜாடியோடு அண்ணி வீட்டு மாடிக்கு ஏறியபோது அவர் கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் தாங்கியைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிலையத்தைப் பார்க்காத பக்கத்தில், சுவரோடு ஒட்டி வைத்தேன். அங்கே காற்று வராது. இருட்டில் கிடக்கும் ஆஸ்பத்திரிகளை நினைத்துச் செய்தேன் என்று படி இறங்கும்போது சொல்லிக்கொண்டேன். பாதிப் படியிலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. அந்த முகங்கள் இன்னொரு முறை என் பக்கம் திரும்பக்கூடாது, அவ்வளவுதான்.

மாதம் முடிந்து ஜாடியை எடுக்கப் போனேன். தொட்டிக்குப் பின்னால் அது இல்லை. பழைய இடத்தில், நான்கு துருக்கறைகளின் மேல் தாங்கியின் நான்கு கால்களும் அச்சாகப் பொருந்தி நின்றிருந்தது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பு.

அண்ணி மூச்சு வாங்க மேலே வந்தார்.

"ஏண்டி, அன்னிக்கு என்ன ஞாபகத்துல இருந்தே? ஜாடியைத் தொட்டி மறைவுல வெச்சுட்டுப் போயிட்டே! அங்க என்ன தூசி விழும், பல்லி வேணா விழும். மறுநாள் காலையிலேயே பார்த்துட்டேன்."

"நீங்களா அண்ணி நகர்த்துனீங்க?"

"பின்னே, உங்க ஆகட்டுமா வந்து நகர்த்துவாரு? வாயைத் துணியால மூடி, அங்குலம் அங்குலமா இழுத்தேன். ஒரு சொட்டு சிந்தலை. ஆபீஸ்ல யாராவது பார்த்து, வேலையில கவனம் இல்லேன்னு உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு."

அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஏதாவது ஒரு மூலையில் சந்தேகம் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. வியர்வைதான் இருந்தது. அவருக்குப் பின்னால் கொடிகள் வெறுமையாகக் கிடந்தன. விரிப்புகள் மறுபடி வீட்டுக்குள் போயிருந்தன.

ஆய்வகத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். அதில் ஏழாவது கேள்வி: ஜாடி வைத்த இடத்திலிருந்து நகர்த்தப்பட்டதா? ஆம் எனில், யாரால்? பதினோரு வருடமாக 'இல்லை' என்று பார்க்காமலே எழுதிய கேள்வி. ஆம் என்று எழுதினால் அந்த ஜாடி செல்லாது. அந்த மாதம் கணக்கில் வராது.

இல்லை என்று எழுதினால் எடை போட வேண்டும். அந்தக் கறுப்பு எவ்வளவு என்று எடை போடாமலே எனக்குத் தெரியும். நிலையம் நிற்கும், முகங்கள் திரும்பும். நடந்ததை நடந்தபடியே எழுதினால், முதலில் நகர்த்தியது நான் என்று எழுத வேண்டும். என் வேலை போகும்.

'ஆம். வீட்டில் குடியிருப்பவரால்,' என்று எழுதினேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை கூச வைக்கிறது. பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

செல்லாத ஜாடியைக் கொட்டிவிடுவது விதி. கழுவுதொட்டியில் சாய்த்தேன். தண்ணீர் போனது, சாம்பல் போகவில்லை. வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு விரலால் தள்ளினேன். நகக்கண்ணில் ஏறியது இரண்டு நாள் இருந்தது.

ஆகட்டும் படிவத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு, தேநீர் கொண்டுவரச் சொன்னார். எனக்கும் சேர்த்து.

பத்து நாள் கழித்து என் கணவர், "அக்காவுக்கு உங்க ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்காம். அழுவுறா. நீ போய் என்னன்னு பாரேன்," என்றார்.

போனேன். ஈர விரிப்புகளுக்கு அடியில் குனிந்து குனிந்து அடுப்படிவரை போனேன். அண்ணி கடிதத்தை விரிப்பு மாதிரி மடித்து வைத்திருந்தார். அரசுக் கருவியில் அனுமதியின்றிக் கைவைத்ததற்கு எச்சரிக்கை. இனி இந்த மாடியில் ஜாடி வைக்கப்படமாட்டாது. தள்ளியிருக்கும் வேறொரு வீட்டுக்கு மாற்றப்படும். தாங்கியை அன்று காலையிலேயே வந்து எடுத்துப் போய்விட்டார்களாம்.

"நான்தான் கெடுத்துட்டேனா?" என்றார். "தெருவுல எல்லாரும் கேக்குறாங்க. இந்த மாசமும் தாண்டியிருந்தா நிறுத்தியிருப்பாங்களாமே? முந்திரிக்கொட்டை மாதிரி கை வெச்சு, எல்லாத்தையும் பாழாக்கிட்டேனேடி. உனக்கும் கெட்ட பேரு."

சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"மனசுல வெச்சுக்காதே."

"விடுங்க அண்ணி," என்றேன். "தெரியாமதானே செஞ்சீங்க."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தெளிந்தவர் போலத் தலையாட்டினார். நான் மன்னித்துவிட்டேன் அல்லவா.

"அதுல எவ்வளவு இருந்துச்சு? அதையாவது சொல்லு. நாங்க என்னத்தைத்தான் மூச்சா இழுக்குறோம்னு தெரிஞ்சுக்கிறேன்."

"எடை போடலை அண்ணி."

"ஓ," என்றார். பிறகு எழுந்து, நான் நிமிர்ந்து நிற்க வசதியாக, என் தலைக்கு மேல் தொங்கிய விரிப்பை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டார்.