கம்பிக்கு வெளியே

...மீன்கொத்தி என்றுதான் நினைத்தேன், ஆனால் ஏரிக்கு அந்தக் கோடியில் இருக்கிற பாலத்தில் உட்கார்ந்த மீன்கொத்தி கரையில் நிற்கிற என் கண்ணுக்கு எப்படித் தெரியும், அந்த நீலம் பறவைக்குப் பெரிசு, சரி பார்த்துவிடுவோமே என்று கேமரா லென்ஸின் வளையத்தைத் திருப்பினேன், திருப்பத் திருப்பத் தண்ணீர் விலகிப் பாலம் முன்னால் வந்தது. இந்த ஒரு லென்ஸ் போதும் சார், கல்யாண மேடைக்கும் இதான், காக்காய்க்கும் இதான் என்று கேமரா கடைக்காரர் என் தலையில் கட்டியது, முழுசாக நீட்டினால் படம் கொஞ்சம் மங்கும், எனக்கு அது போதும், வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் அடுத்தவர் எலும்பை எக்ஸ்ரே எடுப்பவனுக்கு ஓய்வுநாளில் நாலு சிறகு கிடைத்தால் போதாதா... முழுசாக நீட்டினேன். நீலம் சட்டையானது. சட்டைக்கு மேல் கழுத்து, காது, மூக்குக்கண்ணாடி. என் தங்கை புருஷன். மாப்பிள்ளை இங்கே என்ன செய்கிறார், வேலை நாளாயிற்றே, ஏன் பாலத்தின் தடுப்புக் கம்பி அவருக்கு முன்னால் இல்லாமல் பின்னால் இருக்கிறது?

கத்தினால் கேட்காது. ஓடினால் ஏரியைச் சுற்ற வேண்டும். லென்ஸில் சட்டைப் பொத்தான் தெரிகிறது, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, இதைவிடக் கொடுமை வேறு உண்டா. அவரு இப்பல்லாம் பேசவே மாட்டேங்கறாரு அண்ணா என்று தங்கை சொன்னாளே, வேலை டென்ஷனா இருக்கும்மா என்று நான்தானே சொன்னேன்... கேமராவை பைக் சீட்டில் ஊன்றிக்கொண்டு மறு கையால் போன் போட்டேன். அவர் பையிலிருந்து எடுப்பது தெரிந்தது, திரையைப் பார்ப்பது தெரிந்தது, எடுக்காமல் இருந்துவிடுவாரோ...

"சொல்லுங்க மச்சான்."

"எங்க இருக்கீங்க மாப்பிள்ளை?"

"ஆபீஸ்லதான். மீட்டிங்."

உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைக் கேட்டேன், பின்னால் காற்று இரைந்தது. அப்போதுதான் உறைத்தது, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தவர் இப்போது ஒரு கையால் பிடித்திருக்கிறார், மற்றக் கையில் என் குரல் இருக்கிறது. வைத்துவிடட்டுமா? வைத்தால் அந்தக் கை கம்பிக்குத் திரும்புமா, இல்லை இந்தக் கையும் விட்டுவிடுமா?

"பைக் பஞ்சர், மாப்பிள்ளை. ஏரிக்கரையில மாட்டிக்கிட்டேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா? உங்களை விட்டா யாரைக் கூப்பிடறது."

அவர் மெல்லத் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது, அத்தனை தூரத்தில் நான் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை, இருந்தாலும் குனிந்துகொண்டேன். "வரேன்" என்றார். ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு உள்பக்கம் போட்டார், பிறகு மற்றக் காலை. அதன்பின் மரங்கள் பாதையை மறைத்துவிட்டன, லென்ஸ் எதற்கும் உதவவில்லை. பாலத்துக்கே திரும்பிப் போயிருப்பாரோ, தங்கையிடம் இப்போதே சொல்லிவிடலாமா, சொன்னால் தாங்குவாளா... என் டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டேன், வருகிறவருக்குப் பஞ்சர் வேண்டுமே.

வந்துவிட்டார். வண்டியை நிறுத்தினார், டயரைக் குனிந்தும் பார்க்கவில்லை. சட்டையின் முதுகில் கம்பித் துரு கோடாகப் படிந்திருந்தது. வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம் என்றேன். பேசலாமே என்றார், யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. பிறகு சீட்டில் கிடந்த கேமராவை, இன்னும் முழுசாக நீட்டியபடியே இருந்த லென்ஸை, வெகுநேரம் பார்த்தார்.

"வாராவாரம் இதே நாள்தான் வருவீங்களா மச்சான்?"

"ஆமா, வருவேன்" என்றேன். தலையாட்டிக்கொண்டார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தேன், வண்டி நகர்ந்தது, நான் இல்லாத வேறு நாள் பார்த்துக்கொள்வதற்காகக் கேட்டாரா, நான் கரையில் இருக்கிற இதே நாளில் வருவதற்காகக் கேட்டாரா...