இறுகிய வயிறு

"மூச்ச விடும்மா. வயித்த இறுக்காத," என்றார் டாக்டரம்மா.

அதுதான் சித்தாளுக்கு முடியவில்லை. எக்ஸ்ரே மேசையின் சில்லிப்பு முதுகில் ஏறியது. கர்ப்பப்பைக்குள் மருந்து ஏற ஏற, அடிவயிற்றை ஈரத் துணி போல் யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். வலித்தால் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, வயிற்றைக் கல்லாக்கிக்கொள்வது ஒன்றுதான் அவள் உடம்புக்குத் தெரியும். வயசுக்கு வந்ததிலிருந்து கலவைச் சட்டியோடு சாரம் ஏறியவள். மூச்சை விட்டால் சட்டி சாயும். சட்டி சாய்ந்தால் மேஸ்திரியின் வாய் அவளைப் பெற்றவள் வரைக்கும் போகும்.

"பிள்ள பெக்க வந்தவ மாதிரி முக்குறியேம்மா," என்று சிரித்த நர்ஸ், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரையில் கர்ப்பப்பை வெள்ளையாக நிரம்பி நின்றது. இரண்டு பக்கமும் கருக்குழாய்க்குள் மருந்து இறங்கவே இல்லை.

"அடைப்பாவும் இருக்கலாம். நீ பயந்து இறுக்குனதுல குழாய் வாய் சுருங்கியும் இருக்கலாம். இத மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. அடுத்த மாசம் வலிக்கு ஊசி போட்டுட்டு, ஸ்கேன்ல வேற மாதிரி பாப்போம். உன் வீட்டுக்காரரயும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வா. எத்தன தடவ சொல்றது?" என்றார் டாக்டரம்மா.

அவள் தலையாட்டினாள். இதுதான் கடைசி டெஸ்ட், இதிலும் கோளாறு என்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று வரும் வழியிலேயே மாமியார் சொல்லியிருந்தாள். பஸ்ஸில், நாலு பேர் காதில் விழ.

வாசலில் மாமியார் வெயிலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில், கொத்தனாரான அவள் மகன் உட்கார்ந்து, நகக்கண்ணில் காய்ந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"இன்னும் சரியா தெரியலையாம் அத்தை. இன்னொரு தடவ பாக்கணுமாம்."

"அடைப்புன்னு உள்ள பேசுனது எனக்குக் கேட்டுச்சு. என் காது ஒண்ணும் செவிடில்ல."

"இருக்கலாம்னுதான் சொன்னாங்க. நான் மூச்சப் பிடிச்சுட்டேன்."

"ஆமா, அதுக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கா."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி புருஷனிடம் சொன்னாள். "ஏங்க, அடுத்த மாசம் உங்களயும் வரச் சொன்னாங்க. போன தடவ மாதிரி கான்கிரீட் வேலைன்னு சொல்லிடாதீங்க."

"பாப்போம்," என்றான்.

அவன் அகராதியில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். அவள் விடவில்லை. "வருவீங்களா, மாட்டீங்களா? இங்கயே சொல்லுங்க. உங்கம்மா முன்னால."

அவன் வாய் திறப்பதற்குள் மாமியார் அவள் கையிலிருந்த எக்ஸ்ரே பிலிமைப் பிடுங்கினாள். தானே பார்த்துவிடுகிறவள் போல் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், தலைகீழாக. கறுப்புக்கு நடுவே இருந்த கர்ப்பப்பையின் வெள்ளை வழியாக வெயில் இறங்கி, முக்கோணமாக, கலங்கலாக, படிக்கட்டில் இருந்தவனின் சட்டையில் விழுந்தது. தூசியென்று தட்டிவிடக் கையைக் கொண்டுபோனவன், தட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் அவன் உள்ளங்கையில் ஆடியது.