கம்பைச் சுற்றி வாரிய சேறு

செஞ்சியின் சாக்கடைத் தண்ணீர் ஏரியில் விழுவதற்கு முன்னால் அதை வடிகட்ட, நாணல் நட்ட மூன்று குட்டைகள் வெட்டியிருந்தார்கள். சேறு எந்தக் குட்டையில் எவ்வளவு படியும், எத்தனை வருஷத்தில் நிரம்பும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது மிஸ்பாவின் வேலை. ஒன்பது வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டாம் வருஷமே முதல் குட்டையின் நடுவில் சேறு மேடுதட்டி, அதன் மேல் கொக்கு நடந்து போனது.

கணக்குக்கு ஆதாரம், குட்டைகளில் நட்டிருந்த பன்னிரண்டு அளவுக்கம்புகள். மாதம் ஒருமுறை காவலுக்கு இருந்த சின்னப்பொண்ணு உள்ளே இறங்கி, சேறு எந்தக் கோடு வரை நிற்கிறது என்று தடவிப் பார்த்துக் கத்துவாள். மிஸ்பா செருப்பு நனையாமல் கரையில் நின்று எழுதிக்கொள்வாள்.

கொக்கு உறுத்தியதால் இந்த மாதம் ஒரு நாள் முன்னதாகவே வந்தாள். சின்னப்பொண்ணு இடுப்பளவு சேற்றில் நின்று, கம்பைச் சுற்றி வாரி வாரி ஓரத்தில் வீசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்றே?"

"நாளைக்குத்தானே வருவே? அதான் க்ளீன் பண்றேன். மொத மாசம் கத்துனியே, கோடே தெரியல, எதைப் பாத்து எழுதுறதுன்னு. அதுலேர்ந்து மாசா மாசம் வாரி வுட்டுடுவேன். ஒரு மாசம் தவறுனதில்ல."

இத்தனை மாதமும் மிஸ்பா எழுதி வைத்தது, வாரியது போக மிச்சமிருந்த சேற்றின் அளவைத்தான். கத்தியது நன்றாக ஞாபகம் இருந்தது. ஐப்பசி மழைக்குள் தூர் வாராவிட்டால் இரண்டு வருஷ அழுக்கும் ஒரே நாளில் ஏரிக்குப் போய்விடும். நேராகப் போய், குட்டைத் திட்டத்தின் அதிகாரி இளவரசனிடம் சொன்னாள்.

"ஒம்போது வருஷம்னு நீதானேம்மா எழுதிக் குடுத்தே?" என்றார் அவர். "இப்ப ஜேசிபி வேணும்னா, தப்பு யாருதுன்னு ஒரு வரி எழுதிக் குடு. உன்னுதுன்னா நீ வீட்டுக்குப் போவணும். பாத்துக்க."

அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. 'அளவுக்கம்புகளில் பணியாளர் கை வைத்ததால்' என்று எழுதினாள். அதில் பொய் ஒரு சொல் கிடையாது.

ஜேசிபி வந்து தூர் வாரியது. ஏரி தப்பித்தது. சின்னப்பொண்ணை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில், அனந்தபுரம் பஸ்ஸுக்கு நின்றிருந்த சின்னப்பொண்ணு மிஸ்பாவைப் பார்த்துவிட்டாள்.

"கோடு தெரியலன்னு கத்துனது அந்தப் பொண்ணுதான், அதையே கேளுங்க சார்னு அதிகாரிகிட்ட சொன்னேன். கேட்டாரா?"

"கேட்டாரு."

"இன்னா சொன்னே?"

"கோடு தெரியணும்னுதான் சொன்னேன், சேத்த வாரச் சொல்லலன்னு."

"ஆமா, நீ வாரச் சொல்லல," என்றாள் சின்னப்பொண்ணு. "அது நானாத்தான் செஞ்சேன்."

அதைக் கேட்டதும் மிஸ்பாவுக்கு நிம்மதியாக இருந்தது.