நாகையா விழுங்கிய பாதி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சிவமலர் சொன்னது. பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் எழுதி முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1993. கிள்ளானில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது...’ வேண்டாம். அன்று மழை பெய்ததா என்று நான் கேட்கவே இல்லை.

2

சிவமலருக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கிள்ளானின் மறுவாழ்வு இல்லம் ஒன்றிலிருந்து வாராவாரம் சிறுநீர்ப் போத்தல்கள் வரும். தூக்கம் விரட்டும் போதை மாத்திரையை யாராவது விழுங்கியிருந்தால் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் இல்லத்தை நடத்திய ஜெயராஜ் போன் செய்தார்.

“மிஸ், நாகையா மாத்திரை போட்டேன்னு அவனே ஒத்துக்கிட்டான். உங்க ரிசல்ட் இல்லேங்குது. வேற ஆளோட போத்தல மாத்திக் குடுத்திருக்கான் லா. வெளிய அனுப்பப் போறேன்.”

“மாத்தினவரு எதுக்கு ஒத்துக்கணும்?”

“மொதல்ல மாத்திட்டு அப்புறம் பயந்திருப்பான்.”

தவறி மறுபடி மாத்திரை போட்டவர் தங்கலாம், ஏமாற்றியவர் போக வேண்டும். அது இல்லத்தின் சட்டம். சிவமலருக்கோ மண்டை குடைந்தது. சனிக்கிழமை கிள்ளானுக்கு பஸ் ஏறினார்.

3

(நாகையாவை ஒட்டிய கன்னமும் குழிவிழுந்த கண்ணுமாக எழுதியிருந்தேன். “யாரு சொன்னா? நல்லாத் தொப்பை வச்சிருந்தாரு” என்றார் சிவமலர். அடித்துவிட்டேன்.)

நாகையா லோரி ஓட்டியவர். மாத்திரையைத் தொடாமல் எழுபத்து நான்கு நாள் ஓட்டியிருந்தார்.

“போட்டது நிஜம்க்கா. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. போத்தலும் என்னோடதுதான்.”

“முழுசாவா போட்டீங்கண்ணே?”

“பாதி.” சட்டைக் காலர் மடிப்பிலிருந்து மீதியை எடுத்து நீட்டினார். “தூக்கிப் போட மனசு வரல.”

4

திங்கட்கிழமை சிவமலர் அதைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் அசல் போதைமருந்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்தார். ஒரே மருந்தாக இருந்தால், தகட்டின் அடியைத் திரவத்தில் நிறுத்தியதும் இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மறுபடி செய்தார். மூன்றாம் தடவை காப்பியில் இருக்கும் கஃபீனைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாக நின்றன. யாரோ கஃபீனையும் மாவையும் பிசைந்து போதை மாத்திரை என்று விற்றிருக்கிறார்கள்.

சோதனையும் பொய் சொல்லவில்லை, நாகையாவும் பொய் சொல்லவில்லை.

5

நேரிலேயே போய்ச் சொன்னார். ஜெயராஜ் சிரித்துவிட்டார்.

“அப்போ நீ போடவே இல்லடா! ரெண்டு கிளாஸ் காப்பி குடிச்ச மாதிரிதான்.”

நாகையா சிரிக்கவில்லை. “மாத்திரைதான் பாஸ் பொய்யி. நான் போட்டது நிஜம். என் பேருக்கு நேரா ஒண்ணுன்னு எழுதுங்க.”

சுவர்ப் பலகையில் ஒவ்வொருவரும் மாத்திரையைத் தொடாத நாள் கணக்கு இருந்தது; தொட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. ஜெயராஜ் சாக்பீஸை எடுத்தார். எழுதவில்லை.

“மிஸ், நீங்க சொல்லுங்க.”

“என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும்” என்றார் சிவமலர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டார்.

6

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், பழைய எண்ணையே ஜெயராஜ் விட்டுவைக்கிறார். மறுநாளே நாகையா பையைத் தூக்கிக்கொண்டு... இல்லை. இன்னொன்றில் ‘ஒன்று’ என எழுதுகிறார், நாகையா அழுதுகொண்டே... அதுவும் இல்லை.

தெரிந்தது இவ்வளவுதான்: அதன்பிறகு ஐந்து மாதம் நாகையா பெயரில் போத்தல்கள் வந்தன. எல்லாம் சுத்தம். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

பலகையில் என்ன எண் விழுந்தது என்று சிவமலருக்குத் தெரியாது. ஜெயராஜ் இன்னும் சாக்பீஸோடு நிற்கிறார். நாகையா அவர் கையையே பார்க்கிறார். நீங்கள் வாங்கி எழுதுங்கள்.