பத்து வேற்றுமைகள்

ஆற்றின் இந்தக் கரையை ஒரு வெள்ளைக்காரன் ஆண்டான், அந்தக் கரையை இன்னொருவன். இரண்டு கரையிலும் பேச்சு ஒன்றுதான், முகமும் ஒன்றுதான். இருந்தும் 'இரு நாடுகளின் வளர்ச்சியை ஒப்பிடுக' என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு இருபது வருடமாகப் பள்ளியில் பதில் சொல்லிக் கொடுக்கிறேன். நம்மவன் ரயில் விட்டான், அவர்களுடையவன் துறைமுகம் கட்டினான். நாம் சாலையில் இடப்பக்கம், அவர்கள் வலப்பக்கம். இங்கே ஒருவனைத் திருடன் என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். அங்கே திருடன் இல்லை என்று அவனே நிரூபிக்க வேண்டும். அது ஏழாவது வேற்றுமை. பத்தும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வருடமோ தேதியோ தப்பினால் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் காலண்டர். இந்த வருடம் வரை ஒருநாள்கூட நான் ஆற்றைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

தாண்டியவன் என் தம்பி. சொந்த லாரியில் போனவனைத் திருட்டு லாரி என்று பிடித்து உள்ளே போட்டார்கள். ஆர்.சி. புக் இங்கே வீட்டு பீரோவில் இருந்தது. ஏப்ரல் கடைசியில் நோட்டீஸ் வந்தது. அசல் ஆவணத்தோடு உறவினர் ஒருவர் நேரில் வர வேண்டும், 5/6, காலை பத்து மணி.

"இப்பவே கிளம்பிடலாமே மாமா," என்றாள் தம்பியின் மனைவி. "எனக்கு மனசே சரியில்ல."

"ஜூன் அஞ்சுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு. முன்னாடியே போனா வாசல்லயே நிறுத்திடுவான். அந்த நாட்டு வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா?"

வாய் கிழியப் பேசினேன். அவள் ஆர்.சி. புக்கைத் திரும்ப பீரோவில் வைத்தாள்.

ஜூன் ஐந்து, ஒன்பதரைக்கே நீதிமன்றத்தில் இருந்தோம். சாயம் உரிந்த சுவர், கால் ஆடும் பெஞ்சு, எல்லாம் எங்கள் ஊர் கோர்ட்டைப் போலவே இருந்தது. குமாஸ்தா நோட்டீஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மே ஆறாம் தேதி சார்."

"அஞ்சாம் தேதி, ஆறாம் மாசம்னுதானே போட்டிருக்கு?"

"நாங்க மாசத்தைத்தான் முதல்ல எழுதுவோம். எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் அப்படிப் பழக்கிட்டான். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"யாரும் வரலைன்னு அன்னிக்கே எட்டு வருஷம் போட்டுட்டாங்க. அப்பீலுக்குத் தீர்ப்பு நாளையும் சேர்த்து முப்பது நாள். நேத்தோட முடிஞ்சுபோச்சு."

தம்பி மனைவி ஆர்.சி. புக்கை அவரிடம் நீட்டிக்கொண்டே நின்றாள். அவர் வாங்கவில்லை.

சிறை பின்கட்டிலேயே இருந்தது. பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி மொட்டைத் தலையோடு நின்றான். நடந்ததைச் சொல்லி முடித்தேன். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"ஜட்ஜ் மூணு தடவை கேட்டாரு அண்ணே, ஆள் வருமா வராதான்னு. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்."

"என்னடா சொல்லிக் கெஞ்சினே?"

"எங்க அண்ணன் சரித்திர வாத்தியாரு, தேதியில மட்டும் தப்பவே மாட்டாருன்னேன்."